ராஜா வேஷமா, நாவிதர் கதையா? ஒரு மே மாதம் முழுக்கச் சொல்லிப் பார்த்தது

போன பிப்ரவரியில் என் மகனுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. ஏழு வயதுப் பையன், ராஜராஜ சோழன்தான் ஆவேன் என்று ஒரே பிடிவாதம். வாடகைக் கடையில் கிரீடம், ஜிகினா அங்கி, அட்டைக் கேடயம், பிளாஸ்டிக் வாள் எல்லாம் எடுத்து வந்தோம், மீசையை மட்டும் என் கண்மையால் நானே வரைந்துவிட்டேன். மேடையில் நான்கு வரி பேசினான், இரண்டாம் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் வாங்கினான், சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் வேஷத்தைக் கழற்றாமலேயே அக்காளின் தலையில் வாளால் ஒன்று வைத்தான். "ஏன்டா அடிச்சே?" என்றால், "நான் ராஜா, அவ எதிரி நாடு" என்கிறான். அவள் அழுகிறாள், இவன் இடுப்பில் கை வைத்து நிற்கிறான், மாமியார் சிரிக்கிறார். எனக்குப் பையன் மேல்கூடக் கோபம் வரவில்லை. வீரம் என்று நாங்கள் அவனுக்குக் காட்டிக்கொடுத்ததே அந்த வாளும் மீசையும்தான்.

மே மாதம் நாத்தனார் மகன் திருப்பூரிலிருந்து வந்தான். ஆக, மன்னார்குடி வீட்டில் மூன்று பேர்: ஏழு, பத்து, பன்னிரண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு மணி வரை வெளியே தலைகாட்ட முடியாத கத்திரி வெயில். அந்த இரண்டு மணி நேரம் போன் கையில் இருக்கக் கூடாது, தினம் ஒரு கதை, தைரியமும் இரக்கமும் சேர்ந்து இருக்கிற கதை என்று முடிவு செய்தேன். யார் கதை என்றதும் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வீட்டுக்காரர், "சோழ நாட்டுல பொறந்துட்டு சோழனை விட்டா வேற யாரு?" என்றார். மாமியாருக்கு மனுநீதிச் சோழனைத் தாண்டி யாரும் கிடையாது, அவர் பிறந்த ஊர் திருவாரூர். நாத்தனார் போனிலேயே, "ஏன் அண்ணி கஷ்டப்படுறீங்க, யூடியூப்ல எல்லாம் கார்ட்டூனா இருக்கே" என்று முடித்துவிட்டாள். எனக்கு மனசில் இருந்தது வேதாரண்யம் உப்பு யாத்திரை. சரி, எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். அடுத்த விடுமுறைக்கு இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எடை போட மூன்று விஷயம் வைத்துக்கொண்டேன். கதையில் வருகிறவர் செய்ததை, ரொம்பச் சின்ன அளவிலாவது, என் பிள்ளை தெருவிலோ வகுப்பிலோ செய்ய முடியுமா? "நிஜமாம்மா?" என்று கேட்டால் முழிக்காமல் பதில் சொல்ல முடியுமா? அப்புறம், கதை முடிந்ததும் பிள்ளைகள் யாரைப் பற்றிக் கேட்கிறார்கள்? இந்த மூன்றாவதை முதலில் நான் பெரிதாக நினைக்கவில்லை. கடைசியில் அதுதான் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது.

ராஜாக்களில் ஒரு பெரிய வசதி, கண்ணால் காட்டலாம். தஞ்சாவூருக்கு பஸ் ஏறினால் போதும். 1010ல் முடிந்த கோயில், சுமார் 66 மீட்டர் உயர விமானம், சுற்றுவட்டாரத்தில் கருங்கல் மலையே இல்லாத ஊரில் இத்தனை கல். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்து புல்தரையில் உட்கார்ந்த பிள்ளையிடம் "இதைக் கட்டினவர் யார் தெரியுமா" என்று ஆரம்பித்தால் கண் கொட்டாமல் கேட்கும். அந்தப் பிரமிப்பை வேறு எந்தக் கதையாலும் கொடுக்க முடியாது, அதை மறுக்கவில்லை. ஆனால் கதை ஓட ஆரம்பித்ததும் காந்தளூர்ச் சாலை, ஈழம் என்று ஜெயித்த ஊர்களின் பட்டியலாகிவிடுகிறது. என் மகன் யானை எத்தனை, வாள் எவ்வளவு நீளம் என்றான். பெரியவன், "தோத்துப்போன ஊர்ல இருந்த பசங்கள்லாம் என்ன ஆனாங்க அத்தை?" என்றான். வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பொரிகடலை வாங்கப் போய்விட்டார்.

அதே கோயிலில் வேறு ஒன்று இருக்கிறது, அதை நாம் சொல்வதே இல்லை. சுவரில் இருக்கும் கல்வெட்டில் ராஜராஜன் எதையெல்லாம் வெட்டி வைக்கச் சொன்னான் என்று பாருங்கள்: நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும். தன் பேருக்கு அடுத்து அக்கா பேர், கடைசியில் யார் யார் கொடுத்தார்களோ எல்லார் பேரும். "பாத்தியா, அக்காவுக்குத்தான் அடுத்த எடம்" என்று என் மகள் தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள் (பிப்ரவரிக் கணக்கு தீர்ந்தது). அந்த அக்கன் குந்தவை, தஞ்சாவூரில் அப்பா சுந்தரசோழன் பேரில் நோயாளிகளுக்கு ஆதுலர் சாலை நடத்த ஏற்பாடு செய்தவர். கோயிலில் ஆட வந்த நானூறு பெண்களின் பேர், யாருக்கு எந்த வீடு என்பது வரை கல்லில் இருக்கிறது. கோயிலைக் கட்டிய தச்சருக்கு ராஜராஜப் பெருந்தச்சன் என்று பட்டம், முடி வெட்டியவருக்கு ராஜராஜப் பெருநாவிசன் என்று பட்டம். முடி வெட்டுகிறவருக்கு ராஜா தன் பேரையே கொடுத்தாரா என்று பெரியவன் நம்பவே இல்லை. இந்த நாவிதரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொருவர் பின்னால் வருகிறார். ராஜராஜன் கதைதான் சொல்வேன் என்று நிற்கிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: போரை விட்டுவிட்டு சுவருக்குப் போங்கள்.

மனுநீதிச் சோழனை மாமியார்தான் சொன்னார், என்னை விடப் பத்து மடங்கு நன்றாக. இளவரசன் தேர் ஓட்டுகிறான், கன்று சக்கரத்தில் விழுந்து சாகிறது, தாய்ப்பசு வந்து அரண்மனை மணியை அடிக்கிறது, ராஜா பெற்ற மகன் மேல் தேரை ஏற்றுகிறார். கடைசியில் சிவபெருமான் வந்து எல்லாரையும் எழுப்பிவிடுகிறார். திருவாரூர் கோயில் பக்கத்தில் கல்தேர் இருக்கிறது, கலெக்டர் மனு வாங்கும் நாளுக்கே மனுநீதி நாள் என்றுதான் பேர், எனவே அறிமுகம் தேவையில்லாத கதை. பசுவின் கண்ணீருக்கு ஒரு ராஜா பதில் சொன்னார் என்பதில் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைத்தது நிஜம். ஆனால் அப்புறம் வந்த கேள்விகள்! "அந்த அண்ணன் வேணும்னு பண்ணலையே அப்பாயி" என்று மகள். "நியாயம்னா நியாயம்தான்டி" என்று மாமியார். பெரிய புராணத்தில் ஓர் அமைச்சர் வருகிறார், இளவரசனைக் கொல்லச் சொல்லி ராஜா அவரிடம்தான் முதலில் சொல்கிறார், அவர் அதைச் செய்ய மனம் வராமல் தன் உயிரை விட்டுவிடுகிறார். அதையும் சொன்னதும் மூவரும் ராஜாவை மறந்துவிட்டு அமைச்சரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஏன் முடியாது என்று நேராகச் சொல்லவில்லை? சொன்னால் ராஜா என்ன செய்வார்? அரை மணி நேரம் சண்டை. பன்னிரண்டு வயதுக்காரனுக்கு இதைவிட நல்ல விவாதம் கிடைக்காது. சின்னவன் கதைதான் வேறு மாதிரி போனது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "நான் தெரியாம ஏதாவது பண்ணிட்டா அப்பா என்னை என்ன பண்ணுவாரு?" என்று காதோரம் கேட்டான். மாமியாரிடம் இதைச் சொல்லவில்லை, இப்போது படித்தால் படிக்கட்டும். பத்து வயதுக்குக் கீழே இந்தக் கதையை எடுக்காதீர்கள் என்பது என் முடிவு. "நிஜமா?" என்ற கேள்விக்கும் இதில் பதில் சுலபமில்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி இதைச் சொல்கிறாள், இலங்கையின் மகாவம்சம் கிட்டத்தட்ட இதே கதையை எல்லாளன் பேரில் சொல்கிறது. ரொம்பப் பழைய கதை, பல ஊர் சொன்ன கதை என்றுதான் நான் சொன்னேன், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. ராஜராஜன் என்றால் நாவிதரைக் கேட்கிறார்கள், மனுநீதி என்றால் அமைச்சரைக் கேட்கிறார்கள். பிள்ளைகளின் கண் சிம்மாசனத்தில் இல்லை, அதற்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் மேல் இருக்கிறது. அவர்களும் வீட்டில், பள்ளியில் எல்லா இடத்திலும் அந்தப் பக்கத்தில்தானே நிற்கிறார்கள். அப்படிப் பக்கத்தில் நின்று பேசியவர்கள் நம் சோழ நாட்டிலேயே யார் யார் என்று தேடினேன், புறநானூற்றில் இரண்டு பேர் கிடைத்தார்கள்.

ஒருவர் நமக்குப் பக்கத்து ஊர். தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் வருகிற வழியில் கோவில்வெண்ணி இருக்கிறது, சர்க்கரை நோய்க்காரர்கள் வேண்டிக்கொண்டு போகும் கரும்பேஸ்வரர் கோயில் ஊர். அந்த வெண்ணியில்தான் கரிகாலன் சேரனையும் பாண்டியனையும் பதினொரு வேளிரையும் ஜெயித்தான். சேரன் பெருஞ்சேரலாதனுக்கு மார்பில் பாய்ந்த ஆயுதம் முதுகு வரை போய்விட்டது, முதுகில் புண் பட்டதற்கு வெட்கப்பட்டு, வடக்கு நோக்கி உட்கார்ந்து உயிரை விட்டான். ஜெயித்த ராஜாவைப் பாட எல்லாரும் வருகிறார்கள். வெண்ணிக் குயத்தியாரும் வருகிறார், பேரைப் பார்த்தால் மண்பானை வனைகிற குலத்துப் பெண். கரிகாலனின் வெற்றியைப் பெரிதாகச் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்கிறார்: அப்படி உயிரை விட்டுப் புகழ் வாங்கினானே, அவன் உன்னைவிட நல்லவன் இல்லையா? 66ஆம் பாட்டு. பெரியவன் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னான். ஜெயித்தவன் முகத்துக்கு நேரே தோற்றவனைப் பாராட்டுவதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்பது, தெருக் கிரிக்கெட் ஆடுகிற எந்தப் பையனுக்கும் நாம் விளக்க வேண்டியதே இல்லை.

இன்னொருவர் கோவூர் கிழார். சோழன் கிள்ளிவளவன், பகைவன் மலையமானின் சின்னப் பிள்ளைகளை யானைக் காலில் போட்டுக் கொல்லப் போகிறான். பிள்ளைகள் முதலில் அழுதுகொண்டு இருக்கிறார்கள், யானையைப் பார்த்ததும் அழுகையே மறந்துபோய் வேடிக்கை பார்க்கிறார்கள், பிறகு கூடியிருக்கிற புது ஆட்களைப் பார்த்து மிரள்கிறார்கள். கிழார் ராஜாவைத் திட்டவில்லை. நீ புறாவுக்காகத் தன்னைக் கொடுத்தவன் பரம்பரை என்கிறார், இந்தப் பிள்ளைகள் புலவர்கள் பசிக்குப் பயந்து இருப்பதைப் பகிர்ந்து உண்கிறவர் பரம்பரை என்கிறார், இவர்கள் யானையைப் பார்த்து அழுகையை மறந்த பிள்ளைகள் என்று காட்டுகிறார், நான் சொன்னதைக் கேட்டுவிட்டாய், இனி உன் இஷ்டப்படி செய் என்று முடிக்கிறார். பிள்ளைகள் பிழைத்தார்கள். 46ஆம் பாட்டு. இதே மனிதர் உளவாளி என்று சந்தேகப்பட்டுக் கொல்லப்பட இருந்த இளந்தத்தன் என்ற புலவரையும் காப்பாற்றியிருக்கிறார், ஒரே குடியில் பிறந்து முட்டிக்கொண்ட நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவில் போய், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்றும் சொல்லியிருக்கிறார். எப்போது பார்த்தாலும் யாராவது யாரையாவது அடிக்கப் போகும்போது நடுவில் நிற்கிற மனிதர்! அழுகையை மறந்த பிள்ளைகள் வந்த இடத்தில் என் மகன் என் மடிக்கு வந்துவிட்டான், "யானை கிட்டக்க வந்துச்சா, வரலையா?" என்று கேட்டபடியே இருந்தான்.

இரண்டு நாள் கழித்து, கொல்லையில் பெரியவன் ஓணானுக்குச் சுருக்குப் போட ஈர்க்குச்சி சீவிக்கொண்டிருந்தான். ஓணான் பிடிக்காத பையன் நம் பக்கம் உண்டா, அதனால் நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் போய் நின்றாள். "ஒங்க அம்மா எறும்பைக்கூட மிதிக்க மாட்டாங்க. அது தண்ணி குடிக்க வந்திருக்கு, அதுக்கு ஒன்னை யாருன்னே தெரியாது. அவ்ளோதான், அப்புறம் ஒன் இஷ்டம்" என்றாள். அவன் குச்சியைப் போடவில்லை. ஆனால் ஓணான் போகும் வரை சும்மா நின்றான், பிறகு அதே குச்சியால் வாழைமட்டையைக் குத்திக்கொண்டிருந்தான். என் முதல் கேள்விக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்.

தில்லையாடி வள்ளியம்மை. இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை அதிகம், இதைத்தான் ரொம்பத் தயங்கிச் சொன்னேன். 1898 பிப்ரவரி 22ல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார், 1914ல் அதே பிப்ரவரி 22ல் இறந்தார், பதினாறு வயது. பெற்றோரின் ஊர் நம் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் தில்லையாடி. ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்குப் போனவர்கள் தலைக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்றும், இந்தியர்கள் தங்கள் முறைப்படி செய்த கல்யாணம் செல்லாது என்றும் ஆனபோது, 1913 சத்தியாகிரகத்தில் இறங்கி, மூன்று மாதக் கடுங்காவல் வாங்கி, காய்ச்சலோடு வெளியே வந்து படுத்தவர்தான். சிறைக்குப் போனதற்கு வருத்தப்படுகிறாயா என்று காந்தி கேட்க, இப்போது கைது செய்தாலும் மறுபடி போவேன் என்றாராம். இதைக் காந்தியே எழுதி வைத்திருக்கிறார், அதனால் இணையத்தில் சுற்றுகிற வேறு அலங்காரக் கதைகள் எதையும் நான் சேர்ப்பதில்லை. தன் ஊரில் இல்லாத கூலிக்காரர்கள் மேல் விழுந்த வரிக்கும் சேர்த்து ஜெயிலுக்குப் போன பெண் என்பதில் தைரியமும் இரக்கமும் பிரிக்கவே முடியாமல் கிடக்கிறது. ஆனால் கதை சாவில் முடிகிறது, அதுவும் ஒரு பள்ளிக்கூட வயசுப் பெண்ணின் சாவு. என் மகள் விரல் விட்டு எண்ணி, "எனக்கு இன்னும் ஆறு வருஷம்" என்றாள். எனக்குப் பகீரென்றது. பெரிய பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், தில்லையாடியில் இருக்கும் நினைவு மண்டபத்துக்கும் கூட்டிப் போங்கள், 1915ல் காந்தி அந்த ஊருக்கே வந்தார் என்பதையும் சொல்லுங்கள். சின்னவர்களுக்கு நான் சிறை வரை சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

வேதாரண்யத்துக்கு வருகிறேன். 1930 ஏப்ரல் 13ல் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியிலிருந்து நடக்கிறார்கள், தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று நம் ஊர்கள் வழியாகவே போய் 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்கிறார்கள், 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளுகிறார்கள். தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறு போட்டாலோ படுக்க இடம் கொடுத்தாலோ ஜெயில் என்று ஊர் ஊராக எச்சரிக்கை விட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? யாரும் சண்டைக்குப் போகவில்லை. சோற்றைப் பொட்டலமாகக் கட்டி, அவர்கள் நடந்து வருகிற சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். போட்டவர் யார் என்று எந்தப் போலீஸ்காரர் கண்டுபிடிப்பது?

இந்த ஒரு காட்சிதான் என் வீட்டில் ஜெயித்தது, மற்றதெல்லாம் பக்கத்தில்கூட வரவில்லை. மூன்று நாள் வேறு விளையாட்டே கிடையாது. பெரியவன் தார்ன் துரையின் போலீஸ், மற்ற இரண்டு பேர் வேப்பமரத்தில் புளியோதரைப் பொட்டலம் கட்டுகிறவர்கள், கட்டும்போது பிடிபட்டால் திண்ணைதான் ஜெயில். முதல் பொட்டலத்தைக் காக்கை கொண்டுபோனது. சட்டங்களை அவர்களே போட்டுக்கொண்டார்கள்: கட்டினவர் சொல்லிக்கொள்ளக் கூடாது, சாப்பிட்டவர் காட்டிக்கொடுக்கக் கூடாது. ஒருநாள் பின்னிரவில் சின்னவன், "பொட்டலம் கட்டினவங்க பேரு என்னம்மா?" என்றான். தெரியாதுடா, நிறையப் பேர் என்றேன். "பேரே தெரியாதா? அப்ப பரிசு யாருக்குக் குடுப்பாங்க?" கொஞ்ச நேரம் சும்மா படுத்திருந்தான், தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். "நான் கட்டினா ஒங்கிட்ட மட்டும் சொல்லுவேன்" என்றான்.

முன்னே சொன்னேனே இன்னொரு நாவிதர், அவர் வேதாரண்யம் வைரப்பன். தொண்டர்களை அடித்த போலீசுக்குச் சவரம் செய்வதில்லை என்று அந்த ஊர் நாவிதர்கள் முடிவு செய்திருந்த நேரம். வைரப்பன் யாரென்று தெரியாமல் ஒருவருக்குப் பாதி முகம் வழித்துவிட்டார், அப்புறம் ஆள் போலீஸ் என்று தெரிந்தது, கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பாதி மீசையோடு அந்த ஆள் இவரைக் கோர்ட்டுக்கு இழுத்துப்போக, மீதியை வழித்துவிடு என்று நீதிபதி சொல்ல, பெட்டியை மேஜை மேல் வைத்து, வேண்டுமானால் நீங்களே செய்துவிடுங்கள் என்றாராம். ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆறு மாதம் ஜெயில். வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள், பாதி மீசை என்ற ஒரு வார்த்தைக்கே.

நான் சொல்ல வந்தது சிரிப்பை அல்ல. பெரியவனுக்கு ஒரு பழக்கம், கோபம் வந்தால் "போய் சிரைடா" என்பான். திருப்பூர்ப் பழக்கம் என்று நாத்தனார் தலையில் போட ஆசைதான், ஆனால் மன்னார்குடியிலும் எல்லா வாயிலும் அதுதான். ஒரு தொழிலையே வசவாக வைத்திருக்கிற மொழியில் பிள்ளை வளர்க்கிறோம். எத்தனை தடவை அதட்டியும் போகாத வார்த்தை அது. வைரப்பன் கதைக்கு மறுநாள் சீட்டாட்டத்தில் தோற்றபோது "போய்..." என்று ஆரம்பித்து, நடுவில் நின்று, என்னைப் பார்த்து, "அது முடியாது, அவங்க பெரிய ஆளு" என்று அவனே சிரித்தான். முற்றிலும் விட்டுவிட்டானா என்று கேட்காதீர்கள், திருப்பூர் போன பிறகு எனக்குத் தெரியாது.

நமக்கு ரொம்பக் கிட்டத்தில் வாழ்ந்தவர்களையும் தொட்டுப் பார்த்தேன். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரை இந்த வயதில் முழுதாகச் சொல்ல முடியாது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே, அந்தத் திட்டத்தில் இருக்கும் பேர் இவருடையது என்று மட்டும் சொல்லி வைத்தேன், பதினான்கு வயதில் மீதி. வெண்மணியும் அப்படித்தான், 1968ல் அங்கே விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை எரித்துக் கொன்றதைச் சொல்ல எனக்கே இன்னும் வாய் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து தங்கி, நிலமில்லாத குடும்பங்களுக்கு, அதுவும் பெண்கள் பேரில், நிலம் வாங்கிக் கொடுப்பதையே வேலையாக வைத்துக்கொண்ட கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைச் சொல்லலாம், சொன்னேன், மகளுக்குப் பிடித்தது. இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வாரைச் சொன்னபோது அவர் தாடியைத் தாண்டி யாரும் நகரவில்லை, என் தப்பாக இருக்கலாம்.

நாத்தனாரின் கார்ட்டூனுக்கும் ஒரு மதியம் கொடுத்தேன். மூன்று வீடியோ, நாற்பது நிமிஷம், வீடு நிசப்தம், எனக்கு நல்ல தூக்கம். எழுந்து கேட்டால் சண்டைக் காட்சி மட்டும் வரிசையாக ஒப்பித்தார்கள், ஒரு கேள்வி வரவில்லை. தலைவலி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். பேச்சுப்போட்டி மனப்பாடத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, நாம் எல்லாரும் அதில் பரிசு வாங்கியவர்கள்தான், ஒரு வரி ஞாபகம் இருக்கிறதா? மாறுவேடத்தை மட்டும் விடமாட்டேன், ஆளை மாற்றினால் போதும். பானையோடு ஒரு வெண்ணிக் குயத்தியார், சீப்பும் பெட்டியுமாக ஒரு வைரப்பன். வாடகையும் மிச்சம்.

ஆக, என்னைக் கேட்டால், ஏழெட்டு வயதுக்கு வேதாரண்யத்தில் ஆரம்பித்து கோவூர் கிழார். பத்துக்கு மேல் வெண்ணிக் குயத்தியாரும் வள்ளியம்மையும். பன்னிரண்டுக்கு மனுநீதி, பெரியவர்கள் பதில் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொள்வதாக இருந்தால் மட்டும். பெரிய கோயில் எந்த வயதுக்கும் சரி, சுவரைப் படிக்கிற பொறுமை உங்களுக்கு இருக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு இந்த வரிசையில் இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது.

மே கடைசியில் அகஸ்தியம்பள்ளிக்கே போய் வந்தோம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 2023ல் அகலப்பாதை ரயிலைத் திறந்துவிட்டார்கள். ரயில் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே வெயில் மேலிருந்தும் வரும், உப்பளத்தின் வெள்ளையிலிருந்தும் வரும். நினைவுத் தூணைப் பார்த்துவிட்டு உப்புப் பாத்தி ஓரமாக நடந்தோம். வேலை செய்துகொண்டிருந்த ஓர் அம்மா, பிள்ளைகளைப் பார்த்துவிட்டு ஒரு கை அள்ளிக் கொடுத்தார். சின்னவன் ஒரு கல்லை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, துப்பினான். "இதுக்கா ராஜாஜி தாத்தாவுக்கு ஆறு மாசம் ஜெயில்?" மீதியைக் கைக்குட்டையில் முடிந்து பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தான். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் கைக்குட்டை கொடியில் காய்கிறது, மாமியார் அந்த உப்பை மாங்காய் ஊறுகாய் ஜாடியில் போட்டுக் குலுக்கிக்கொண்டிருக்கிறார். "அப்பாயி, அது சத்தியாகிரக உப்பு!" என்று கத்துகிறான். "அதான்டா, கல்லுப்பு. ஊறுகாய் கெடாது" என்றார்.